மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகிறதா?

அறிவியல் கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்சுற்றுப் பாடத்தைப் பற்றியவை. எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சேர்த்துவைத்துப் படித்தபோது, வெவ்வேறாகத் தோன்றும் பல ஐயங்களுக்கு வேர் ஒன்றுதான் என்பது தெரிந்தது. மின்னோட்டம் மின்கலத்திலிருந்து கிளம்பி, வழியில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகச் சந்தித்து, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் குறைந்துகொண்டே போகிறது என்று மாணவர்கள் மனத்திற்குள் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை அழிக்காமல் எத்தனை சூத்திரங்களை மனப்பாடம் செய்தாலும் கணக்கு ஒருபுறமும் கருத்து மறுபுறமுமாகவே நிற்கும். மின்சுற்றில் எந்த ஓரிடத்தில் எதை மாற்றினாலும் சுற்று முழுவதிலும் மின்னோட்டம் மாறக்கூடும். கீழே உள்ள விடைகளைப் படிக்கும்போது இதை மட்டும் மறவாமல் இருக்க வேண்டுகிறோம்.

கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்புகளைத் தொடர் இணைப்பில் இணைத்தால், நேர்மின்வாய்க்கு அருகில் உள்ள பல்புதானே அதிகப் பிரகாசமாக எரிய வேண்டும்? இரண்டும் ஒரே அளவில் எரிகின்றன. மின்னோட்டம் எங்கேயும் குறைவதில்லை என்றால் பேட்டரி ஏன் தீர்ந்துபோகிறது?
– பத்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்கும் திறவுகோல். நீங்கள் ‘மின்னோட்டம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிப்பிடுகிறீர்கள். ஒன்று மின்னூட்டம், மற்றொன்று ஆற்றல். கம்பியில் நகர்வது மின்னூட்டம்; பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுவது ஆற்றல். மின்னூட்டம் ஆக்கப்படுவதும் இல்லை, அழிக்கப்படுவதும் இல்லை. பல்பின் ஒரு முனையில் ஒரு விநாடியில் எத்தனை எலக்ட்ரான்கள் நுழைகின்றனவோ அத்தனை எலக்ட்ரான்கள் அதே விநாடியில் மறுமுனை வழியாக வெளியேறுகின்றன. அப்படி இல்லாவிட்டால் பல்புக்குள் எலக்ட்ரான்கள் குவிந்துகொண்டே போக வேண்டும். அவ்வாறு குவியும் மின்னூட்டமே அடுத்து வரும் எலக்ட்ரான்களை விலக்கித் தள்ளிவிடும். 1845இல் கிர்க்காஃப் வகுத்த முதல் விதி இதைத்தான் சொல்கிறது: மின்சுற்றின் ஒரு சந்திக்கு வந்து சேரும் மின்னோட்டங்களின் கூடுதலும், அங்கிருந்து விலகிச் செல்லும் மின்னோட்டங்களின் கூடுதலும் சமம்.

சைக்கிள் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். மிதிப்பவரின் ஆற்றல் பின்சக்கரத்திற்குப் போய்ச் சேருகிறது. ஆனால் சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றுகூடச் சக்கரத்தில் செலவாவதில்லை. முன்பல்சக்கரத்தைக் கடக்கும் அதே எண்ணிக்கையிலான கண்ணிகள் பின்பல்சக்கரத்தையும் கடக்கின்றன. மின்சுற்றில் எலக்ட்ரான்கள் அந்தக் கண்ணிகளைப் போன்றவை. மிதிப்பது மின்கலத்தின் வேலை.

உங்கள் சோதனையை எண்களோடு பார்ப்போம். 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டைச் சேர்த்து 3 வோல்ட் மூலம் ஒன்று செய்துகொள்கிறோம். ஒவ்வொரு பல்பின் மின்தடையும் 10 ஓம் என்றும் அது மாறாதது என்றும் கொள்வோம். ஒரு பல்பை மட்டும் இணைத்தால் மின்னோட்டம் 0.3 ஆம்பியர். இரண்டையும் தொடராக இணைத்தால் மொத்த மின்தடை 20 ஓம், மின்னோட்டம் 0.15 ஆம்பியர். இங்கே நின்று கவனிக்க வேண்டும். முதல் பல்பை நாம் தொடவே இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு பல்பைச் சேர்த்தோம். ஆனாலும் முதல் பல்பின் வழியே பாயும் மின்னோட்டமும் பாதியாகக் குறைந்துவிட்டது. பின்னால் என்ன இருக்கிறது என்பது முன்னால் இருக்கும் பல்பைப் பாதிக்கிறது என்றால், மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளைச் சந்தித்துச் செல்கிறது என்ற படம் தவறு என்றுதானே பொருள்?

இனி பேட்டரி தீர்வதைப் பற்றி. துத்தநாகம்–கார்பன் மின்கலத்திற்குள் துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மாங்கனீசு டைஆக்சைடு ஒடுக்கம் அடைகிறது. இந்த வேதிவினையில் வெளிப்படும் ஆற்றலே மின்னூட்டங்களைச் சுற்றில் தள்ளுகிறது. வினைபடும் பொருள்கள் தீரத் தீர மின்கலம் வலுவிழக்கிறது. தீர்ந்துபோவது வேதியாற்றல்; எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அல்ல. பள்ளியில் அம்மீட்டர் கிடைத்தால் அதை மின்கலத்துக்கும் முதல் பல்புக்கும் நடுவிலும், இரண்டு பல்புகளுக்கும் நடுவிலும், இரண்டாவது பல்புக்குப் பின்னாலும் மாற்றி மாற்றி இணைத்துப் பாருங்கள். மூன்று அளவீடுகளும் ஒன்றாகவே இருக்கும். சூத்திரம் படிப்பதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

கேள்வி: எலக்ட்ரான்கள் மிக மெதுவாகவே நகர்கின்றன என்று பாடநூல் சொல்கிறது. பிறகு எப்படி ஸ்விட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: எவ்வளவு மெதுவாக என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். வீட்டு விளக்குகளுக்குப் பயன்படுத்தும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள தாமிரக் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் தாமிரத்தில் ஏறத்தாழ 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள் உள்ளன. அக்கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது, ஒரு விநாடியில் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் குறுக்குவெட்டைக் கடக்கின்றன. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் எலக்ட்ரான்கள் ஒரே திசையில் சராசரியாக முன்னேறும் வேகம், அதாவது இழுப்புத் திசைவேகம், விநாடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். இதுவும் நேர்த்திசை மின்னோட்டத்திற்குத்தான். நம் வீட்டுக்கு வருவதோ விநாடிக்கு 50 முறை சுழற்சி முடிக்கும் மாறுதிசை மின்னோட்டம். அதில் எலக்ட்ரான்கள் முன்னும் பின்னுமாக அசையும் தொலைவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

ஆகவே ஸ்விட்சில் இருந்த எலக்ட்ரான் பயணம் செய்து விளக்கை அடைவதால் விளக்கு எரிவதில்லை. விளக்கின் இழைக்குள்ளும் கம்பியின் ஒவ்வொரு பகுதியிலும் எலக்ட்ரான்கள் ஏற்கனவே நிறைந்திருக்கின்றன. ஸ்விட்ச் மூடியவுடன் மின்புலம் கம்பி நெடுகிலும், ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில், நிலைபெற்றுவிடுகிறது. அந்தப் புலம் எல்லா இடங்களிலும் உள்ள எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகர்த்தத் தொடங்குகிறது.

இதில் மாணவர்கள் மூன்று வேகங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். உலோகத்திற்குள் எலக்ட்ரான்கள் ஒழுங்கற்ற திசைகளில் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. மின்புலம் பரவும் வேகம் அதைவிடவும் மிகப் பெரியது. இழுப்புத் திசைவேகம் எறும்பின் நடையைவிடக் குறைவு. தேர்வில் விடை எழுதும்போது எந்த வேகத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: வெப்பம் மின்தடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஒரு சூத்திரமும், எதிர்விகிதத்தில் இருக்கும் என்று மற்றொரு சூத்திரமும் சொல்கின்றன. எது சரி? 60 வாட், 100 வாட் இழைபல்புகளைத் தொடராக இணைத்தால் எது அதிகமாக ஒளிரும்?
– பத்தாம் வகுப்பு மாணவர்கள் மூவர், விழுப்புரம்

பதில்: இரண்டும் சரியே. ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்ற நிபந்தனையைக் கவனிக்காமல் விடுவதால்தான் முரண்பாடு தோன்றுகிறது. மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்தில், அதாவது தொடர் இணைப்பில், மின்தடை அதிகமுள்ள கருவியில் திறன் அதிகம். மின்னழுத்த வேறுபாடு மாறாமல் இருக்கும் இடத்தில், அதாவது ஒவ்வொரு கருவியும் மூலத்தின் இரு முனைகளோடும் தனித்தனியே சேரும் பக்க இணைப்பில், மின்தடை குறைந்த கருவியில் திறன் அதிகம். எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தீர்மானிப்பதற்கு முன், இந்தச் சுற்றில் இரண்டு கருவிகளுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்பின்மீது அச்சிடப்பட்டிருக்கும் 60 வாட் என்பது அதற்கு 230 வோல்ட் முழுமையாகக் கிடைக்கும்போது மட்டுமே உண்மை. அந்த நிலையில் அதன் மின்தடை, 230இன் வர்க்கத்தை 60ஆல் வகுக்கக் கிடைக்கும் 882 ஓம். 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் மொத்த மின்தடை 1411 ஓம், மின்னோட்டம் 0.163 ஆம்பியர். அப்போது 60 வாட் பல்பில் வெளிப்படும் திறன் சுமார் 23 வாட். 100 வாட் பல்பில் சுமார் 14 வாட். எனவே 60 வாட் பல்பே அதிகமாக ஒளிரும்.

உண்மையில் வேறுபாடு இந்தக் கணக்கு காட்டுவதைவிடப் பெரிதாக இருக்கும். குறைந்த திறனில் எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை குறைவு; வெப்பநிலை குறைந்தால் அதன் மின்தடையும் குறையும். தனக்குரிய திறனில் மிகச் சிறு பங்கை மட்டுமே பெறும் 100 வாட் பல்பில் இந்தக் குறைவு அதிகம். ஆகவே மின்னழுத்தத்தில் இன்னும் பெரிய பங்கு 60 வாட் பல்புக்குப் போய்விடும். பாடநூல் கணக்கில் மின்தடையை மாறிலியாகக் கொள்வது கணக்கை எளிதாக்குவதற்காகத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். இக்கணக்கு இழைபல்புகளுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே மின்னணுச் சுற்று உள்ள எல்.இ.டி. பல்புகளுக்குப் பொருந்தாது. இச்சோதனையை வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கவே கூடாது. திறன் வேறுபட்ட சிறு டார்ச் பல்புகளையும் மின்கலங்களையும் கொண்டு செய்தால் இதே முடிவைக் கண்ணால் காணலாம்.

கேள்வி: கோயில் திருவிழாவில் போடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைந்துவிடும் என்று படித்தோம். எங்கள் வீட்டுச் செட்டில் இரண்டு பல்புகள் எரியாமல் இருந்தும் மற்றவை எரிகின்றன. ஏன்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மயிலாடுதுறை

பதில்: நல்ல கவனிப்பு. இதை விளக்குவதற்கு முன், பல மாணவர்கள் தவறாக விடை எழுதும் ஒரு வினாவைக் கேட்கிறேன். 6 வோல்ட் பல்புகள் 40 தொடராக இணைக்கப்பட்டு 230 வோல்ட்டில் எரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கிறது. அவற்றில் ஒன்றின் இழை அறுந்துவிட்டது. அறுந்த பல்பின் இரு முனைகளுக்கும் இடையே இப்போது எத்தனை வோல்ட்?

சுழி என்று எழுதுபவர்கள்தான் அதிகம். மின்னோட்டமே இல்லாதபோது மின்னழுத்தம் எங்கிருந்து வரும் என்பது அவர்களுடைய வாதம். சரியான விடை 230 வோல்ட். மின்னோட்டம் சுழி ஆகிவிட்டதால் மற்ற 39 பல்புகளிலும், மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிக் கிடைக்கும் மின்னழுத்த வீழ்ச்சி சுழி. அப்படியானால் மூலத்தின் மின்னழுத்தம் முழுவதும் அறுந்த இடத்தின் குறுக்கே வந்து நின்றாக வேண்டும்.

சில வகைச் சீரியல் பல்புகள் இந்த உண்மையைப் பயன்படுத்தியே வடிவமைக்கப்பட்டுள்ளன. இழைக்குச் சற்றுக் கீழே, அதைத் தாங்கும் இரு கம்பிகளையும் சேர்த்து மெல்லிய கம்பி ஒன்று சில சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். அதன் மேற்பரப்பில் மின்கடத்தாத ஆக்சைடு படலம் உண்டு. பல்பு ஒழுங்காக எரியும்போது அங்கே இருக்கும் ஆறு வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தால் அந்தப் படலத்தை உடைக்க முடியாது. இழை அறுந்தவுடன் முழு 230 வோல்ட்டும் அங்கே வந்து படலத்தை உடைத்துவிடுகிறது. சுற்றிய கம்பி வழியே மின்சுற்று மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்த ஒரு பல்பைத் தவிர மற்றவை எரிகின்றன. அதே பல்பை ஹோல்டரிலிருந்து பிடுங்கிவிட்டால் சுற்றிய கம்பியும் கூடவே போய்விடுவதால் செட் முழுவதும் அணையும்.

இப்படிப் பழுதான பல்புகளை மாற்றாமல் விட்டுவைத்தால், எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். 40இல் 5 போய்விட்டால் மற்றவற்றுக்கு 6.6 வோல்ட் வீதம் கிடைக்கும். அவை சீக்கிரமே அறுந்துபோகும். பல்பை மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஆறு வோல்ட் பல்புதானே என்று நினைத்து ஈரக் கையுடன் ஹோல்டரைத் தொடுபவர், அங்கே காத்திருக்கும் 230 வோல்ட்டைத் தொடுகிறார். ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு.

கேள்வி: டார்ச்சில் மங்கலாக எரியும் பழைய பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் பல வாரங்கள் ஓடுகிறது. தீர்ந்த பேட்டரி எப்படி ஓடுகிறது?
– பத்தாம் வகுப்பு மாணவர், பரமக்குடி

பதில்: மின்கலம் இவ்வளவு மின்னோட்டம்தான் தரும் என்று அளந்து வைத்துக்கொண்டு தருவதில்லை. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை மின்கலமும் அதனுடன் இணைந்திருக்கும் கருவியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மின்கலத்திற்குள் உள்ள வேதிப்பொருள்களுக்கும் மின்தடை உண்டு, அது அகமின்தடை. மின்கலம் பழையதாக ஆக மின்னியக்கு விசை (எந்தக் கருவியும் இணைக்காதபோது மின்கலத்தின் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம்) ஓரளவு குறைகிறது. அகமின்தடையோ பல மடங்கு உயர்ந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, பழைய மின்கலம் ஒன்றின் மின்னியக்கு விசை 1.3 வோல்ட், அகமின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மின்கலங்களைப் போட்ட டார்ச்சில் 2.6 வோல்ட், உள்ளே 10 ஓம். பல்பின் மின்தடை 8 ஓம் என்றால் மின்னோட்டம் 0.14 ஆம்பியர், பல்புக்குக் கிடைப்பது 1.2 வோல்ட்டுக்கும் குறைவு. பாதிக்கு மேல் மின்கலத்திற்குள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது. இதே மின்கலம் ஒன்றைக் கடிகாரத்தில் போடும்போது, கடிகாரம் இழுக்கும் மின்னோட்டம் அதிகபட்சமாகச் சில மில்லி ஆம்பியர்களே. 5 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் உள்ளே ஏற்படும் இழப்பு 0.025 வோல்ட், கடிகாரத்திற்கு 1.27 வோல்ட் வந்து சேர்கிறது. அதற்கு அது போதும்.

கருவி எதனுடனும் இணைக்காமல் மின்கலத்தை வோல்ட்மீட்டரால் மட்டும் சோதித்து ‘இது நல்ல பேட்டரி’ என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. வோல்ட்மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால் அகமின்தடையின் விளைவு அதில் தெரியாது.

கேள்வி: ஓம் விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமா? ஓம் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றும் சொன்னால் வகுப்பில் பயன்படும்.
– இயற்பியல் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பொருந்தாது. மாறாத வெப்பநிலையில் உலோகக் கடத்திகள் இவ்விதிக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகின்றன. டையோடு, எல்.இ.டி. போன்றவை கட்டுப்படுவதில்லை, அவற்றில் மின்னழுத்தத்தை இருமடங்கு ஆக்கினால் மின்னோட்டம் இருமடங்கு ஆகாது. மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து வரும் எண்ணை மின்தடை என்பது வெறும் வரையறை. அதை எந்தப் பொருளுக்கும் எந்தக் கணத்திலும் எழுதலாம். அந்த எண் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறாமல் இருக்கிறது என்று சொல்வதுதான் விதி. மாணவர்கள் வரையறையையே விதி என்று எழுதிவிடுகிறார்கள். தாங்கள் வகுப்பில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தினால் பெரிதும் பயன்படும். 100 வாட் இழைபல்பு நல்ல எடுத்துக்காட்டு. எரியும்போது 529 ஓம் இருக்கும் அதன் மின்தடை, குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்விட்சைப் போடும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால்தான் இழைபல்புகள் பெரும்பாலும் அக்கணத்தில் அறுந்தன.

ஓமின் வரலாறு பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் பெருமையோடு சொல்லத்தக்கது. 1789இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்துகொண்டே இந்த ஆய்வுகளைச் செய்தார். 1800இல் வோல்டா அறிமுகப்படுத்திய மின்கல அடுக்குகளை வைத்து 1825இல் அவர் செய்த முதல் சோதனைகள் சரியான விதியைத் தரவில்லை. அந்த மின்கலங்கள் சீராக இயங்காமல், அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழந்தன. அப்போது போகன்டார்ஃப் என்ற அறிஞர், வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு யோசனை கூறினார். ஓம் பிஸ்மத்தும் தாமிரமும் இணைந்த சந்திகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை. எனவே மின்னியக்கு விசையும் மாறாது. பிறகு வெவ்வேறு நீளமுள்ள தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, மெல்லிய இழையில் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார்.

1826இல் அவருக்குக் கிடைத்த சூத்திரம் நம் பாடநூலில் இருக்கும் வடிவில் இல்லை. மின்னோட்டம் என்பது ஒரு மாறிலியை, வேறொரு மாறிலியும் சோதனைக் கம்பியின் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைப்பது என்று அவர் எழுதினார். மேலே இருக்கும் மாறிலி மின்னியக்கு விசையைப் பொறுத்தது. கீழே நீளத்துடன் கூட்டப்படும் மாறிலி, சோதனைக் கம்பி தவிர சுற்றில் எஞ்சியிருக்கும் பகுதி அனைத்தின் மின்தடையையும் குறிக்கிறது; மின்மூலத்தின் அகமின்தடையும் அதில் அடங்கும். ஆகவே ஓம் முதன்முதலில் கண்டது தனியொரு கம்பிக்கான விதியை அல்ல, முழு மின்சுற்றுக்கான விதியை. பரமக்குடி மாணவரின் பேட்டரிக் கணக்கும் இதே சூத்திரம்தான். ஓமின் நூல் 1827இல் வெளிவந்தது. சொந்த நாட்டில் அதற்கு உடனடியாக உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது.

கேள்வி: செய்முறை வகுப்பில் அம்மீட்டரையும் வோல்ட்மீட்டரையும் இடம் மாற்றி இணைத்துவிட்டால் என்ன ஆகும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், அரியலூர்

பதில்: அம்மீட்டரின் மின்தடை மிகமிகக் குறைவு. அதை மட்டும் இடம் மாற்றி மின்தடைக்குப் பக்க இணைப்பில் வைத்தால் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் சேர்த்ததற்குச் சமம். பெரும் மின்னோட்டம் பாய்ந்து கருவி பழுதாகலாம். வோல்ட்மீட்டரின் மின்தடையோ மிக அதிகம். அதைத் தொடராக இணைத்தால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சுற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். பல்பு எரியாது, வோல்ட்மீட்டர் மட்டும் மின்கலத்தின் முழு மின்னழுத்தத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பல்பின் மின்னழுத்தம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். சீரியல் செட்டில் அறுந்த பல்பின் குறுக்கே 230 வோல்ட் வந்து நின்ற அதே காரணம்தான் இங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் செருகுகிறோம். பிளக் கறுத்துப் போயிருக்கிறது. கருவிகளைக் கூட்டினால் மின்தடை கூடி மின்னோட்டம் குறைய வேண்டாமா என்று மகன் கேட்கிறான். ஃபியூஸ் இருக்கும்போது பயப்பட வேண்டுமா?
– மாணவரின் தாய், ஈரோடு

பதில்: தங்கள் மகனின் தர்க்கம் தொடர் இணைப்புக்குச் சரி. வீட்டில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொரு புதிய கருவியும் மின்னோட்டத்திற்கு மேலும் ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. ஆகவே தொகுபயன் மின்தடை குறைகிறது, மொத்த மின்னோட்டம் கூடுகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் எடுக்கும்; 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே வயரில் சுமார் 10.9 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டரை மடங்கு ஆனால், வயரில் தோன்றும் வெப்பம் அதன் வர்க்கத்தைப் பொறுத்து ஆறேகால் மடங்கு ஆகும். 6 ஆம்பியர் பிளக்குக்கு அது தாங்காது.

பிளக் கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் தகடும் இறுக்கமாகத் தொடாவிட்டால் அந்தச் சிறு இடத்தில் அரை ஓம் அளவுக்கு மின்தடை ஏற்படலாம். அதன் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால் 50 வாட் வெப்பம் அங்கே தோன்றும். ஒரு பற்றவைப்புக் கருவியின் நுனியை, ஈயப் பற்றாசை உருக்கும் அளவுக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம் அது. பிளாஸ்டிக் கறுக்காமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டியை இன்றே மாற்றுங்கள். இரண்டு கருவிகளையும் 16 ஆம்பியர் சாக்கெட்டுகளில் தனித்தனியே செருகுங்கள்.

ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக இருப்பது. மனிதரைக் காப்பதற்காக அல்ல. ஃபியூஸ் பல ஆம்பியர்களில்தான் உருகும்; மனித உடலில் பாயும் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர்களை எட்டினாலே உயிருக்கு ஆபத்து. ஃபியூஸ் கட்டையில் அடிக்கடி இழை போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் வயருக்கு இருந்த காப்பையும் நீக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு சுவருக்குள் இருக்கும் வயரே ஃபியூஸ் ஆகிவிடும்.

மனிதரைக் காக்கப் பொருத்த வேண்டியது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. அது செய்யும் வேலை திண்டுக்கல் மாணவியின் கேள்விக்கான விடைதான். ஃபேஸ் கம்பியில் வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கருவியும் மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை என்பதால் இரண்டும் சமமாகத்தான் இருக்க வேண்டும். வேறுபாடு தோன்றினால், வேறு வழியாக, ஒருவேளை ஒருவருடைய உடல் வழியாக, மின்னோட்டம் நிலத்திற்குக் கசிகிறது என்று பொருள். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆர்.சி.சி.பி. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஃபியூஸ், ஆர்.சி.சி.பி., முறையான எர்த் இணைப்பு மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எலக்ட்ரான்கள் எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குப் போகின்றன. படத்தில் மட்டும் அம்புக்குறியை ஏன் எதிர்த்திசையில் போடுகிறோம்?
– எட்டாம் வகுப்பு மாணவி, உதகமண்டலம்

பதில்: நேர், எதிர் என்ற குறிகளை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வழக்குக்குக் கொண்டுவந்தார். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897இல். அதற்குள் விதிகள், சூத்திரங்கள், கருவிகள் எல்லாம் நேர்மின்னூட்டம் நகரும் திசையையே மின்னோட்டத்தின் திசையாகக் கொண்டு அமைந்துவிட்டன. கணக்குகளில் இதனால் எந்தப் பிழையும் நேர்வதில்லை. எதிர்மின்னூட்டம் இடப்புறம் நகர்வதும் நேர்மின்னூட்டம் வலப்புறம் நகர்வதும் மின்னோட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றே. உப்புக் கரைசலில் இரு வகை அயனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நகர்வதால் அங்கே இந்த மரபு வசதியாகவும் இருக்கிறது. தேர்வில் மின்சுற்றுப் படம் வரையும்போது அம்புக்குறியை மின்கலத்தின் நேர்மின்வாயிலிருந்து, அதாவது குறியீட்டில் நீண்ட கோட்டிலிருந்து, வெளிச்சுற்று வழியாக எதிர்மின்வாயை நோக்கிப் போடுங்கள். எலக்ட்ரான்களின் திசையைக் கேட்டிருந்தால் தனியாக இன்னோர் அம்புக்குறி போட்டு அதன் அருகில் பெயரை எழுதிவிடுங்கள்.